வேலை போனால் மானம் போகாது! வ.உ.சி. வாழ்க்கை சொல்லும் பாடம்

தூத்துக்குடியில் எந்தப் பக்கம் திரும்பினாலும் வ.உ.சி.யின் பெயர் கண்ணில் படும். துறைமுகத்துக்கு அவர் பெயர், கல்லூரிக்கு அவர் பெயர், மார்க்கெட்டுக்கும் அவர் பெயர். கப்பல் ஓட்டியதும் செக்கிழுத்ததும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக்கூட மனப்பாடம்.

ஆனால், பாடப்புத்தகம் அதிகம் சொல்லாத இன்னொரு வ.உ.சி. இருக்கிறார். பல வருடம் பார்த்த தொழிலைப் பறிகொடுத்து, மனைவி பிள்ளைகளோடு ஊர் மாறிப்போய், மளிகைக் கடையும் மண்ணெண்ணெய்க் கடையும் வைத்துப் பிழைத்தவர். தனக்கு வரவேண்டிய ஒரு சிறு தொகைக்காக மாதக் கணக்கில் கடிதம் எழுதியவர்.

பத்து, இருபது வருடம் பார்த்த வேலை ஒரே நாளில் கையை விட்டுப் போனவர்களுக்கு, கப்பலோட்டிய வ.உ.சி.யைவிட இந்த வ.உ.சி. நெருக்கமானவர்.

பறிபோன சன்னது

1872-ல் ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ.சிதம்பரம் பிள்ளை, 1895-ல் அங்கேயே வக்கீல் தொழிலைத் தொடங்கினார். 1900-ல் தூத்துக்குடிக்கு மாறினார். 1906-ல் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி. பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள், 10 லட்சம் ரூபாய் மூலதனம் என்று திட்டமிடப்பட்ட கம்பெனி அது.

1908 மார்ச் 12-ல் கைதானார். ஜூலை 7-ல் நீதிபதி பின்ஹே தீர்ப்பு சொன்னார். இரட்டை ஆயுள் தண்டனை, மொத்தம் 40 வருடம். மேல்முறையீட்டில் அது குறைந்தது. கோயம்புத்தூர், கண்ணூர் சிறைகளில் இருந்துவிட்டு 1912 டிசம்பர் 24-ல் வெளியே வந்தார்.

வந்தபோது எதுவும் பழையபடி இல்லை. கப்பல் கம்பெனி 1911-லேயே மூடப்பட்டுவிட்டது. தண்டனை பெற்றவர் என்பதால் வக்கீல் சன்னதும் போய்விட்டது. தீர்ப்பைக் கேட்ட அதிர்ச்சியில் தம்பி மீனாட்சிசுந்தரம் மனநிலை பாதிக்கப்பட்டார் என்பது அந்தக் குடும்பத்தின் ஆறாத சோகம். அப்போது வ.உ.சி.க்கு வயது 40. படித்த படிப்பு இருக்கிறது, அனுபவம் இருக்கிறது. அந்தத் தொழிலைச் செய்ய அனுமதி மட்டும் இல்லை. சொந்த மாவட்டத்தை விட்டுச் சென்னைக்குப் போனார்.

அவருக்கு நேர்ந்தது அரசியல் பழிவாங்கல். இன்று ஒருவருக்கு வேலை போவதற்குக் காரணம் வேறாக இருக்கலாம். ஆனால், ‘இத்தனை வருஷம் இதுதானே நான்... இனி நான் யார்?’ என்ற கேள்வி இரண்டு பேருக்கும் ஒன்றுதான்.

இந்தக் கரைக்குப் பழகிய வலி

இந்தக் கடற்கரைக்கே ஒரு தொழிலின் பெயர்தான் ஊர்ப்பெயர்: முத்துக்குளித்துறை. இடுப்பில் கயிறு, காலடியில் கல் என்று மூச்சைப் பிடித்து மூழ்கி, முத்துப் பார்களில் சிப்பி அள்ளிய பரம்பரை இது. 1955-ல் தொடங்கி நடந்த முத்துக்குளிப்பு 1961-ல் நின்றது. பார்களில் போதிய சிப்பி இல்லை. அதற்குப் பிறகு இன்றுவரை பழையபடி முத்துக்குளிப்பு நடக்கவில்லை.

யாரும் அவர்களுக்கு ‘உங்களை வேலையிலிருந்து நீக்குகிறோம்’ என்று கடிதம் கொடுக்கவில்லை. கடலே கதவைச் சாத்திவிட்டது. அவர்கள் என்ன செய்தார்கள்? மூழ்கத் தெரிந்தவர்கள் சங்கு எடுக்க மூழ்கினார்கள். கடல் அட்டை எடுத்தார்கள். 2001-ல் கடல் அட்டை பிடிக்கவும் தடை வந்தது. மறுபடி மாற வேண்டியதாயிற்று. தேடிய பொருள் மாறினாலும், மூச்சைப் பிடித்து மூழ்கும் திறமை அவர்களிடமே இருந்தது.

துறைமுகத்திலும் இதே கதைதான். ஒரு காலத்தில் மூட்டை சுமக்கும் தோள்களை நம்பித்தான் கப்பலில் சரக்கு ஏறியது, இறங்கியது. கன்டெய்னர் வந்தபின், பல தோள்கள் செய்த வேலையை ஒரு கிரேன் செய்தது.

2018 இன்னும் ஆறாத காயம். மே 22, 23-ல் நடந்த துப்பாக்கிச்சூட்டில் 13 பேர் உயிரிழந்தார்கள். மே 28-ல் ஸ்டெர்லைட் தாமிர ஆலையை நிரந்தரமாக மூட அரசு உத்தரவிட்டது. 2024 பிப்ரவரி 29-ல் நிறுவனத்தின் மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஆலை மூடியதை நிம்மதியாக நினைத்த ஊரிலேயே, அந்த ஆலையின் சம்பளத்தில் அடுப்பு எரிந்த வீடுகளும் இருந்தன. நிரந்தரத் தொழிலாளி, ஒப்பந்தத் தொழிலாளி, லாரி டிரைவர் என்று பலருடைய மாத வரவு நின்றது. உயிர்ப்பலி நடந்த ஊரில், ‘எனக்கு வேலை போச்சே’ என்று ஒருவர் வாய்விட்டுச் சொல்வது அவ்வளவு சுலபமா என்ன?

சொல்லிக்கொள்ள முடியாத துக்கம்தான் ஆளை உள்ளுக்குள் அரிக்கும்.

சம்பளம் மட்டுமா போகிறது?

ஆஸ்திரியாவில் வியன்னாவுக்கு அருகே மரியன்தால் என்று ஒரு சிற்றூர். ஊருக்கே சோறு போட்ட நூற்பாலை 1929-30-ல் மூடப்பட்டது. மரீ யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் சைசல் ஆகியோர் அந்த ஊர் மக்களின் அன்றாட வாழ்க்கையை ஆராய்ந்து 1933-ல் நூலாக வெளியிட்டார்கள். வேலை இழப்பு பற்றிய ஆராய்ச்சிகளில் இன்றும் பேசப்படும் நூல் அது.

வேலை இல்லாதவருக்கு நேரம் நிறைய இருக்கும், நிறையப் படிப்பார், ஊர்க்காரியம் பார்ப்பார் என்றுதானே தோன்றும்? அங்கே நடந்தது தலைகீழ். ஊர் நூலகத்தில் புத்தகம் எடுப்பது குறைந்தது. சங்கங்களில் ஈடுபாடு குறைந்தது. ஆண்கள் தெருவில் மெதுவாக, அடிக்கடி நின்று நின்று நடந்தார்கள். காலை முதல் மாலை வரை என்ன செய்தீர்கள் என்று கேட்டால், பலரால் சொல்ல முடியவில்லை. பெண்களின் நடையில் மட்டும் வேகம் குறையவில்லை. ஆலை மூடினாலும் சமையலும் துணி துவைப்பதும் பிள்ளை வளர்ப்பும் நிற்கவில்லையே!

வேலை என்பது வெறும் சம்பளம் அல்ல என்பதை யஹோடா பிற்காலத்தில் விரித்து எழுதினார். எத்தனை மணிக்கு எழுவது என்பதை வேலைதான் முடிவு செய்கிறது. வீட்டுக்கு வெளியே நாலு பேரைப் பார்க்க வைக்கிறது. நம்மால் ஒரு காரியம் ஆகிறது என்ற எண்ணத்தைத் தருகிறது. ‘இவர் இன்னார்’ என்று சொல்ல ஓர் அடையாளம் கொடுக்கிறது. வேலை போகும்போது இவை எல்லாமே சேர்ந்து போகின்றன. அதனால்தான் கையில் கொஞ்சம் சேமிப்பு இருப்பவர்கூட நிலைகுலைந்து போகிறார். அது கோழைத்தனம் இல்லை. பல வருடம் சாய்ந்திருந்த சுவர் சரிந்தால் யாருக்கும் தடுமாறத்தான் செய்யும்.

முதலில் வீட்டில் சொல்லுங்கள்

வேலை போன செய்தியை வீட்டில் மறைப்பவர்கள் உண்டு. வழக்கம்போல டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு காலையில் கிளம்புவது, எங்காவது பொழுதைக் கழித்துவிட்டுச் சாயங்காலம் திரும்புவது. ‘வேற வேலை கெடச்சதும் சொல்லிக்கலாம்’ என்ற நினைப்பு. அந்தச் சில நாள்களில் வீட்டுச் செலவு பழையபடி ஓடிக்கொண்டிருக்கும். கிரெடிட் கார்டு தேயும். நகை அடகுக்குப் போகும். பிறகு உண்மை வெளிவரும்போது, வேலை போனதைவிட மறைத்ததுதான் வீட்டில் பெரிய சண்டையாகும்.

அன்றைக்கே சொல்லிவிடுவதுதான் நல்லது. பிள்ளைகளுக்கும் அவர்கள் வயதுக்கேற்பச் சொல்லலாம். ‘அப்பாவுக்கு வேலை போயிடுச்சு. கொஞ்ச நாள் செலவைச் சுருக்கணும். உன் ஸ்கூல் ஃபீஸுக்கு வழி பாக்குறோம்’ என்ற மூன்று வாக்கியம் போதும். சொல்லாவிட்டால் பிள்ளைகள் தாங்களாகவே ஏதாவது ஊகித்துக்கொள்ளும். பெரும்பாலும் அந்த ஊகம் உண்மையைவிடப் பயங்கரமாக இருக்கும்.

வேலை இழந்தவர் அம்மாவாக இருந்தால் இன்னொரு சங்கடம் உண்டு. ‘வீட்டுலதானே இருக்கே’ என்று மொத்த வீட்டு வேலையும் மறுநாளே அவர் தலையில் விழும். அவர் புது வேலை தேடவும் நேரம் வேண்டும் என்பதை வீட்டில் உள்ளவர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

சொன்ன கையோடு, வீட்டில் எல்லோருமாக உட்கார்ந்து ஒரு கணக்குப் போடுங்கள். கையில் இருப்பது எவ்வளவு, மாதம் கட்டாயம் போவது எவ்வளவு, அப்படியானால் எத்தனை மாதம் தாங்கும்? கடன் இருந்தால், தவணை தவறுவதற்கு முன்பே வங்கிக்குப் போய் நிலைமையைச் சொல்லிக் கால நீட்டிப்பு கேளுங்கள். தவறிய பிறகு போவதைவிட இது எவ்வளவோ மேல்.

தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு இந்தக் கணக்கு ஒவ்வொரு வருடமும் உண்டு. வடகிழக்குப் பருவமழை வந்தால் அளத்தில் வேலை கிடையாது. மழைக் காலத்தை எப்படித் தாண்டுவது என்ற யோசனை வெயில் காலத்திலேயே தொடங்கிவிடும். மாதச் சம்பளக்காரர்களுக்கு மட்டும் அந்தப் பழக்கம் விட்டுப்போயிருக்கிறது.

கையெழுத்தில் அவசரம் வேண்டாம்

‘ராஜினாமா எழுதிக் குடுத்துடுங்க. அனுபவச் சான்றிதழ் நல்லபடியா தர்றோம்’ என்று சில இடங்களில் கேட்பார்கள். அதிர்ச்சியில் இருப்பவர் நீட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டுவிடுவார். ராஜினாமா என்று ஆகிவிட்டால், நீங்களாகவே விட்டுப் போனதாகத்தான் பதிவாகும். ஆட்குறைப்புக்கான இழப்பீட்டைக் கேட்பதும், நீக்கியது தவறு என்று வாதாடுவதும் கடினமாகிவிடும்.

அதனால், ‘வீட்டுல கலந்துட்டு நாளைக்குச் சொல்றேன்’ என்று சொல்லிவிட்டு வாருங்கள். அப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. எந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டாலும் ஒரு நகலை வாங்கிக்கொள்ளுங்கள். நியமனக் கடிதம், சம்பளச் சீட்டுகள், அடையாள அட்டை நகல், பி.எஃப். கணக்கின் யு.ஏ.என். எண், நீக்கக் கடிதம் எல்லாம் ஒரே ஃபைலில் இருக்கட்டும். அலுவலக இமெயில் கணக்கு எந்த நேரமும் மூடப்படலாம். உங்கள் சம்பளம், பணிக்காலம் தொடர்பான சொந்தக் காகிதங்களை முன்கூட்டியே எடுத்து வையுங்கள்.

347 ரூபாய் 12 அணா

இப்போது வ.உ.சி.யின் கடிதங்களுக்கு வருவோம்.

அவர் சிறையில் பட்ட பாட்டைக் கேள்விப்பட்ட தென்னாப்பிரிக்கத் தமிழர்கள், அவருக்காகப் பணம் திரட்டினார்கள். அந்தப் பணம் அப்போது அங்கே இருந்த காந்தியின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. காந்தி 1915-ல் இந்தியா திரும்பினார். அந்த ஏப்ரலில் சென்னைக்கு வந்தார். வ.உ.சி. அவரைச் சந்தித்தார். பணம் வந்து சேர்ந்ததா என்ற பேச்சு கடிதங்களில் எழுந்தது. வரவில்லை என்றார் வ.உ.சி. கணக்கு விவரம் காந்தியிடம் உடனே கைவசம் இல்லை. கடிதங்கள் போயின, வந்தன. மாதங்கள் ஓடின. 1916 ஜனவரியில்தான், 347 ரூபாய் 12 அணாவை அனுப்புவதாகக் காந்தி எழுதினார். இந்தக் கடிதங்களைத் தேடி எடுத்து ஆராய்ந்து நூலாக்கியிருக்கிறார் வரலாற்றாசிரியர் ஆ.இரா.வேங்கடாசலபதி.

10 லட்சம் ரூபாய்க் கம்பெனியைத் தொடங்கியவர், 347 ரூபாய்க்காகக் கடிதம் எழுதிய காட்சியை நினைத்துப் பாருங்கள். எதிரே இருந்தவரோ காந்தி. ‘போகட்டும், எப்படிக் கேட்பது?’ என்று அவர் விட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால், வீட்டில் அரிசி வாங்க வேண்டும். தன் நிலையில் அந்தப் பணத்தை வேண்டாம் என்று சொல்வதற்கில்லை என்பதை அவர் மறைக்கவில்லை. மரியாதையாகக் கேட்டார். திரும்பத் திரும்பக் கேட்டார். காந்தியிடம் அவருக்கு இருந்த மதிப்பும் குறையவில்லை. அவருடைய மானத்துக்கும் ஒன்றும் ஆகவில்லை.

வேலை போன பலர் சறுக்குவது இங்கேதான். ‘அவனுகளே வேணாம்னு சொல்லிட்டானுக. அந்தக் காசு எனக்கு எதுக்கு?’ என்று ரோஷத்தில் விட்டுவிடுவார்கள். அது அவர்கள் கொடுக்கும் காசு இல்லை. நீங்கள் உழைத்துச் சேர்த்தது.

என்னென்ன கேட்கலாம்?

பாக்கிச் சம்பளம்: வேலையை விட்டு நீக்கினால், வேலை பார்த்த நாள்களுக்கான சம்பளத்தை இரண்டு வேலை நாள்களுக்குள் தந்துவிட வேண்டும்.

கிராஜுவிட்டி எனும் பணிக்கொடை: 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்க்கும் இடத்தில், தொடர்ந்து 5 வருடம் முடித்தவருக்கு உண்டு. ஒவ்வொரு வருட சர்வீஸுக்கும் 15 நாள் சம்பளம். ஒரு மாதத்தை 26 நாளாகக் கணக்கிடுவார்கள். உதாரணமாக, கணக்கில் எடுக்கப்படும் கடைசி மாதச் சம்பளம் 18,200 ரூபாய் என்று வையுங்கள். அதை 26-ஆல் வகுத்தால் நாளுக்கு 700. 15 நாளுக்கு 10,500. சர்வீஸ் 20 வருடம் என்றால் 2,10,000 ரூபாய். இது 30 நாள்களுக்குள் வர வேண்டும். தாமதமானால் வட்டி உண்டு. தராவிட்டால் தொழிலாளர் துறையில் இதற்கென உள்ள அதிகாரியிடம் மனு கொடுக்கலாம்.

‘டிஸ்மிஸ் ஆனவனுக்குக் கிராஜுவிட்டி கிடையாது’ என்று சொன்னால் உடனே நம்பிவிடாதீர்கள். வேலையில் வேண்டுமென்றே அல்லது அலட்சியத்தால் நிறுவனத்துக்கு நஷ்டம் ஏற்படுத்தியது, வன்முறை, ஒழுக்கக்கேடான குற்றம் போன்ற குறிப்பிட்ட காரணங்களுக்கு மட்டுமே அதைப் பிடிக்க முடியும். நஷ்டம் என்றால் அந்த நஷ்டத்தின் அளவுக்குத்தான்.

ஆட்குறைப்பு இழப்பீடு: உங்கள் தவறு எதுவும் இல்லாமல், ஆள் அதிகம் என்று நீக்கினால், ஒரு வருடம் தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளிக்கு ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம் தர வேண்டும். அதோடு, முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளம் இழப்பீடு. இது வேறு, கிராஜுவிட்டி வேறு. இரண்டையும் ஒன்றாக்கிச் சொன்னால் ஏமாறாதீர்கள்.

பி.எஃப்.: சேமிப்பு முழுவதையும் உடனே எடுத்துவிடத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். பென்ஷன் திட்டத்தில் 10 வருட சர்வீஸ் முடிந்திருந்தால் 58 வயதில் மாத ஓய்வூதியம் உண்டு. 8, 9 வருடத்தில் நிற்பவர்கள் அவசரப்பட்டு பென்ஷன் பணத்தை எடுத்துவிடாமல், அடுத்த வேலையின் சர்வீஸோடு சேர்த்துக்கொள்ளும் வழியை பி.எஃப். அலுவலகத்தில் கேளுங்கள்.

ஒப்பந்தத் தொழிலாளர்கள்: துறைமுகத்திலும் அனல்மின் நிலையங்களிலும் கான்ட்ராக்டர் மூலம் வேலைக்கு வந்தவர்கள் ஏராளம். கான்ட்ராக்டர் சம்பளம் தராமல் போனால், யாருடைய இடத்தில் வேலை பார்த்தீர்களோ அந்த முதன்மை நிறுவனத்துக்கு அதைத் தரும் பொறுப்பு உண்டு. வேலை பார்த்ததற்கான ஆதாரம்தான் முக்கியம். கேட் பாஸைக்கூடத் தூக்கி எறியாதீர்கள்.

நீக்கியதே தவறு என்றால்?

குற்றச்சாட்டின் பேரில் ஒரு தொழிலாளியை டிஸ்மிஸ் செய்ய வேண்டுமானால், குற்றச்சாட்டைக் கடிதமாகத் தர வேண்டும், அவர் தரப்பைக் கேட்க வேண்டும், முறையாக விசாரிக்க வேண்டும். ‘நாளையிலேர்ந்து வராதே’ என்று வாசலில் நிறுத்துவது முறையான நீக்கம் ஆகாது.

தனி ஒரு தொழிலாளியும், சங்கத்தின் துணை இல்லாமலேகூட, தொழிலாளர் துறையின் சமரச அதிகாரியிடம் மனு கொடுக்கலாம். 45 நாளாகியும் தீர்வு இல்லையென்றால் தொழிலாளர் வழக்குகளை விசாரிக்கும் நீதிமன்றத்துக்கு நேரடியாகப் போகலாம். கடைகளிலும் தனியார் அலுவலகங்களிலும் 6 மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவர்களுக்கு, தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் மேல்முறையீட்டு வழி இருக்கிறது. மேலாளர் நிலையில் இருந்தவர்களுக்கு வழி வேறு. நியமன ஒப்பந்தத்தோடு வக்கீலைப் பார்ப்பது நல்லது. எல்லாவற்றுக்கும் காலக்கெடு உண்டு. ‘அப்புறம் பாத்துக்கலாம்’ என்று விட்டால் நியாயமான வழக்கும் நிற்காது.

வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். மாவட்ட நீதிமன்ற வளாகங்களில் இயங்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், குறைந்த வருமானம் உள்ளவர்கள் ஆகியோருக்கு இலவசச் சட்ட உதவி கிடைக்கும். 15100 என்ற எண்ணில் கூப்பிட்டு விவரம் கேட்கலாம்.

கடை வைத்தார், புத்தகமும் பதிப்பித்தார்

வக்கீலாக இருந்தவர் சென்னையில் மளிகையும் மண்ணெண்ணெயும் விற்றார். பின்னர் கோயம்புத்தூரில் வங்கி வேலையும் பார்த்தார். ‘என் படிப்பென்ன, அந்தஸ்தென்ன’ என்று உட்கார்ந்துவிடவில்லை.

20 வருடம் சூப்பர்வைசராக இருந்தவருக்கு, அதைவிடச் சின்ன வேலை கிடைக்கும்போது மனம் கூசும். ஆனால், அந்த வேலை ஒரு பாலம்தான். அதில் ஏறி நடந்துகொண்டே அடுத்த கரையைத் தேடலாம். பாலத்திலேயே குடியிருக்கப் போவதில்லை.

வ.உ.சி. செய்த இன்னொரு காரியம் அதைவிட முக்கியமானது. அந்த வறுமைக் காலத்திலும் அவர் படிப்பையும் எழுத்தையும் விடவில்லை. ஜேம்ஸ் ஆலன் நூலை ‘மனம்போல வாழ்வு’ என்று சிறையில் இருந்தபோதே தமிழாக்கியிருந்தார். ‘மெய்யறிவு’, ‘மெய்யறம்’ நூல்களை வெளியிட்டார். 1917-ல் திருக்குறள் அறத்துப்பாலுக்கான மணக்குடவர் உரையைப் பதிப்பித்தார். தொழிலாளர் கூட்டங்களில் பேசினார். இதனால் அவருக்குப் பணம் கொட்டியதா? இல்லை. ஆனால், மரியன்தால் ஆண்களுக்கு எது கைநழுவிப் போனதோ, அந்தப் ‘பகல் பொழுது’ அவர் கையில் இருந்தது.

இதை எந்த வீட்டிலும் செய்யலாம். வேலை இருந்தபோது எழுந்த அதே நேரத்துக்கு எழுங்கள். குளித்து, சட்டை மாற்றுங்கள். காலை இரண்டு மணி நேரம் வேலை தேட, விண்ணப்பிக்க, தெரிந்தவர்களுக்குப் போன் போட என்று ஒதுக்குங்கள். அதற்குப் பிறகு ஒரு வேலை: தெரிந்ததைப் புதுப்பிப்பது, அல்லது புதிதாக ஒன்றைக் கற்பது. சாயங்காலம் வெளியே இறங்கி நாலு பேரைப் பாருங்கள்.

ஒரு பேப்பரில் எழுதியும் பாருங்கள். பதவியின் பெயரை விட்டுவிட்டு, கை என்னவெல்லாம் செய்யும் என்று மட்டும் எழுதுங்கள். ‘ஸ்டோர் கீப்பர்’ என்று எழுதினால் அது போன வேலை. ‘சரக்குக் கணக்குப் பார்ப்பேன், ஜி.எஸ்.டி. பில் போடுவேன், லாரி ஏற்பாடு செய்வேன், பத்துப் பேரை வேலை வாங்குவேன்’ என்று எழுதினால் அதில் நாலு வேலை இருக்கிறது. முத்துக் குளித்தவர்கள் சங்கு எடுத்தது இந்தக் கணக்கில்தான்.

பக்கத்து வீட்டாருக்கு ஒரு வேலை

1908 பிப்ரவரி 27-ல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வேலைக்குப் போகாவிட்டால் கூலி கிடையாது. அவர்கள் வீடுகளில் அடுப்பு அணையாமல் இருக்க வ.உ.சி.யும் நண்பர்களும் ஊரில் நிதி திரட்டினார்கள். சிலருக்கு வேறு வேலையும் ஏற்பாடு செய்தார்கள். பத்து நாளுக்குள் நிர்வாகம் இறங்கி வந்தது. கூலி உயர்வுக்கும் ஞாயிறு விடுமுறைக்கும் சம்மதித்தது. தொழிலாளர்களின் உறுதியோடு ஊர் கொடுத்த தோளும் அந்த வெற்றியில் சேர்த்தி.

தெரிந்தவருக்கு வேலை போனால் நாம் என்ன செய்கிறோம்? ‘என்ன செஞ்சான்னு தெரியல, தூக்கிட்டாங்க’ என்று பேசுகிறோம். அல்லது, என்ன பேசுவது என்று தெரியாமல் ஒதுங்கிப் போகிறோம். பார்க்கும்போதெல்லாம் ‘வேலை ஏதாவது ஆச்சா?’ என்று கேட்பதும் குத்தும். அதற்குப் பதிலாக, ‘எங்க ஆபீஸ்ல ஒரு இடம் இருக்கு, பயோடேட்டா அனுப்பு’ என்று சொல்லலாம். பிள்ளையின் நோட்டுப் புத்தகச் செலவை ஏற்றுக்கொள்ளலாம். எதுவும் முடியாவிட்டால், முன்பு போலவே டீ குடிக்கக் கூப்பிடலாம்.

சில வாரங்கள் தூக்கம் கெடுவதும் எரிச்சல் வருவதும் இயல்பு. ஆனால், சாப்பாடு இறங்கவில்லை, யாரையும் பார்க்கப் பிடிக்கவில்லை, குடி அதிகமாகிறது, ‘நான் இல்லாமல் போனால் தேவலை’ என்ற எண்ணம் எட்டிப்பார்க்கிறது என்றால், அதற்குமேல் தனியாகச் சுமக்கக் கூடாது. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும், தமிழிலேயே, இலவசமாகப் பேசலாம். வேலை இழந்தவர் தயங்கினால் வீட்டில் உள்ளவர்கள் கூப்பிட்டுக் கேட்கலாம்.

திரும்பக் கிடைத்த சன்னது

வ.உ.சி. தன் சன்னதைத் திரும்பக் கேட்டு விண்ணப்பிக்கவும் தயங்கவில்லை. 1920-களில் வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதியின் உதவியால் அது கிடைத்தது. யாருடைய ஆட்சியை எதிர்த்துச் சிறை சென்றாரோ, அந்த ஆட்சியின் நீதிபதி ஒருவர் செய்த உதவியை அவர் மறக்கவில்லை. நன்றியாகத் தன் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். கோவில்பட்டியில் மறுபடி வக்கீலாக உட்கார்ந்தார். 1932-ல் தூத்துக்குடிக்கே திரும்பினார்.

பழைய செல்வாக்கான நாள்கள் திரும்பி வரவில்லை. 1936 நவம்பர் 18-ல் மறையும்வரை பணக் கஷ்டம் அவரை விடவில்லை. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். எல்லோருக்கும் போன வேலையைவிடப் பெரிய வேலை கிடைத்துவிடும் என்று ஆறுதலுக்காகப் பொய் சொல்வதில் பயனில்லை. ஆனால், தொழில் பறிபோன பிறகு அவர் 20 வருடத்துக்கு மேல் வாழ்ந்தார். கடை நடத்தினார், பிள்ளைகளை வளர்த்தார், நூல்களைப் பதிப்பித்தார், இழந்த சன்னதையும் மீட்டார்.

அண்மையில் வேலை போன வீடு ஏதாவது இதைப் படித்துக்கொண்டிருந்தால், இன்று ராத்திரி செய்ய ஒரு சின்ன வேலை இருக்கிறது. சாப்பிட்டு முடித்ததும் ஒரு பழைய ஃபைலை எடுத்துக்கொள்ளுங்கள். நியமனக் கடிதத்திலிருந்து கடைசிச் சம்பளச் சீட்டு வரை கிடைக்கும் காகிதங்களைத் தேதி வாரியாக அடுக்குங்கள். கடைசிச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, சர்வீஸ் வருடத்தால் பெருக்குங்கள். வரும் தொகையை ஃபைலின் மேல் பெரிதாக எழுதிவையுங்கள். நாளைக் காலையில் முதல் கடிதத்தை எழுதத் தொடங்கலாம்.